இடது காதில் தவறிய சுரம்

2007ஆம் வருஷம், மே மாதம். ஒரு நாள் காலையில், வேலைக்குக் கிளம்பும் முன், வழக்கம்போல ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துத் தரும் கம்பெனிகள் அந்த நாட்களில் புதுச்சேரியில் நிறைய இருந்தன. அப்படி ஒன்றில் கணிதப் புத்தகங்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அது சம்பளத்துக்கு. நான் உயிராக நினைத்தது வேறு: கீபோர்டு, ப்ராக்ரஸிவ் ராக், நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வைத்திருந்த ஒரு குழு.

அன்றைக்குப் போட்டது ஓர் இங்கிலாந்துக் குழுவின் ஆல்பம். நான் பிறப்பதற்கு முன்னால் வந்தது. அதில் இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும் பாட்டு ஒன்று உண்டு. முதலில் ஆர்கன் மட்டும் தனியாக, முழுக்க இடது பக்கத்தில் வரும். கொஞ்ச நேரம் கழித்து வலது பக்கத்தில் கிடார் வந்து சேரும். கையிலிருந்த சி.டி. பிளேயரின் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. டிஸ்க் சுற்றுவது கையில் தெரிகிறது, நொடிகள் ஓடுகின்றன, சத்தம் மட்டும் இல்லை. சி.டி. கெட்டுப்போய்விட்டது என்று கழற்றப் போன நேரத்தில் வலது காதில் கிடார் வந்தது.

அப்படியானால் ஒயரில்தான் கோளாறு என்று நினைத்தேன். திருகிப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன், முனையைத் துடைத்துச் செருகினேன். கடைசியில் ஹெட்போனைக் கழற்றி, இடம் வலம் மாற்றி மாட்டினேன். வலது காதில் ஆர்கன் கேட்டது. சுத்தமாக, ஒரு குறையும் இல்லாமல். இப்போது கிடாரைக் காணவில்லை.

ஒயரில் ஒன்றுமில்லை என்று புரிந்தது. இடது காதுப் பக்கத்தில் விரல்களைத் தேய்த்தேன். தோலில் படுகிற உணர்வு இருந்தது. தேய்க்கிற சத்தம் இல்லை.

அம்மா சமையல்கட்டில் இருந்தார்.

"அம்மா, என் இந்தக் காதுல ஏதாவது சொல்லேன்."

"வேலைக்கு நேரமாவுது, என்ன வெளாட்டு?"

"சொல்லும்மா."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். நான் வலது காதை விரலால் அடைத்துக்கொண்டேன். அம்மாவின் மூச்சு சூடாகக் காதில் பட்டது. நிமிர்ந்து, என்ன என்பதுபோல என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. விரலை எடுத்தேன்.

"...என்ன சொன்னேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டியா?"

அம்மாவின் முகம் மாறியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "குளிக்கும்போது தண்ணி போயிருக்கும்" என்றார். "எண்ணெய் காய்ச்சி ரெண்டு சொட்டு விடவா?" வேண்டாம் என்றேன். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து டாக்டரைப் பார்க்கக் கிளம்பினோம். அம்மா தெரியாமல் என் இடது பக்கம் உட்கார்ந்து வழியெல்லாம் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

காது டாக்டர் ஓர் அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு, குழாய் வைத்துப் பார்த்து, "அழுக்கு இல்ல, தண்ணி இல்ல" என்றார். அழுக்கு இருக்கக்கூடாதா என்று நான் ஏங்கியிருந்தேன். பிறகு கவட்டை மாதிரி இருக்கும் இசைக்கவையை முழங்கையில் தட்டி, அதன் அடியை என் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குதும்மா?"

வலது பக்கம்தான் கேட்டது. அந்த நிலையிலும் என் மூளை சும்மா இருக்கவில்லை. இது 'ஸி' சுரத்துக்கு ஒரு நூல் கீழே நிற்கிறதே என்று கணக்குப் போட்டது.

"நடுவுல கேட்டா நல்லதா டாக்டர்?"

"இடது பக்கம் கேட்டிருந்தா நல்லது. நடுக்காதுல கோளாறு, சரிபண்ணிடலாம்னு சொல்லியிருப்பேன். இது நரம்பு." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "திடீர்னு இப்படி ஆவும். காரணம் பெரும்பாலும் தெரியாது. உடனே வந்தீங்களே, அது நல்லது. மாத்திரை தர்றேன். சில பேருக்கு முழுசா திரும்பிடும். சில பேருக்குப் பாதி. சில பேருக்குத் திரும்பறதே இல்ல. உங்களுக்கு எதுன்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

நான் கீபோர்டு வாசிப்பதைச் சொன்னேன். என்ன இசை என்று கேட்டார். ராக் என்றேன். அதிலும் ஒரு வகை, பாட்டு நீளமாக இருக்கும், தாளம் அடிக்கடி மாறும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி, "ஹெட்போன் வேண்டாம். டிரம்ஸ் பக்கத்துல நிக்க வேண்டாம்" என்றார்.

அவருக்கு எப்படிச் சொல்வது? டிரம்ஸ் பக்கத்தில் நிற்பதற்குத்தான் நான் வாரம் முழுவதும் காத்திருந்தேன்.

எங்கள் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிரம்ஸ் வாசித்தவன் குருசுக்குப்பம் பக்கத்துப் பையன், என்னைவிட ஒரு வயது சின்னவன். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை. அவன் அண்ணன் பாரிசிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே சி.டி.க்கள் கொண்டுவருவார். எனக்கு இந்த இசை அறிமுகமானதே அந்தப் பெட்டியிலிருந்துதான். கிடார் வாசித்தவன் பிள்ளைச்சாவடியில் கடலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளை. நேரு வீதியில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை செய்தான். சத்தம் வெளியே போகாமலிருக்க டிரம்மர் வீட்டு மாடியறைச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி வைத்திருந்தோம். அதுதான் எங்கள் பயிற்சி அறை.

வாசித்த நேரத்தைவிடச் சண்டை போட்ட நேரம் அதிகம். டிரம்மருக்கு வேகமான அமெரிக்கக் குழுக்கள் பிடிக்கும். எத்தனை சிக்கலாக வாசிக்கிறார்கள் பார் என்பான். வேகம் எனக்கு என்றைக்கும் சலிப்புத்தான். டைப்ரைட்டிங் பரீட்சையிலும் வேகமாகத்தான் அடிக்கிறார்கள் என்பேன். கிடாரிஸ்ட் நேர் எதிர். இரண்டே இரண்டு கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கட்டுகளை, வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் மிதக்கும் குழுக்கள்தான் அவனுக்கு உயர்வு. எனக்கு இத்தாலிக்காரர்கள்மேல் ஒரு தனிக் காதல். ஆங்கிலேயர்கள் மூளையால் செய்ததை அவர்கள் தொண்டையாலும் செய்தார்கள். நீளமான பாட்டுக்கு ஒரு நியாயம் வேண்டும் என்பது என் கட்சி. ஆரம்பத்தில் கேட்ட ஒரு மெட்டு பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பி வரும்போது அது பழைய மெட்டாகவே இருந்தால் அந்தப் பதினைந்து நிமிஷமும் வீண். கேட்கிறவள் மாறியிருக்க வேண்டும், அதனால் மெட்டும் மாறிக் கேட்க வேண்டும். சினிமாப் பாட்டின் நாலு நிமிஷத்தில் அதைச் செய்ய முடியாது.

நாங்களே அப்படி ஒன்று செய்திருந்தோம். பதினெட்டு நிமிஷம். நடுப்பகுதி முழுக்க ஏழு எண்ணிக்கை, நம் மிஸ்ர சாபு மாதிரி மூன்றும் நாலும். பிரெஞ்சுக்காரர்கள் வழக்கப்படி ஜூன் மாதத்தில் ஒரு சாயங்காலம் எங்கள் ஊரில் யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று வாசிக்கலாம். அந்த வருஷம் வாசிப்பதென்று முடிவு செய்திருந்தோம். அதுதான் முதல் மேடை. டிரம்மர் ஜூலையில் பிரான்சுக்குப் போகிறான். அதனால் கடைசி மேடையும் அதுதான்.

மாத்திரை ஆரம்பித்த மறுநாள் காதுக்குள் ஒரு சத்தம் தொடங்கியது. ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி. வெளியிலிருந்து ஒன்றும் வராத காதுக்குள் அது மட்டும் நிற்காமல் கேட்டது. தலையணையில் எந்தப் பக்கம் படுத்தாலும் கூடவே இருந்தது. மாத்திரையில் முகம் உப்பியது, அகோரப் பசி எடுத்தது, தூக்கம் போனது. தெருவில் நடக்கவே பயம். ஒரு காதில் கேட்டால் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாது என்பதை அப்போதுதான் அறிந்தேன். காந்தி வீதியைக் கடக்கும்போது ஒரு ஹாரன் கேட்டது. வலப்பக்கம் திரும்பினேன். டெம்போ என் இடது முழங்கையை உரசிக்கொண்டு நின்றது. டிரைவர் வாயைத் திறந்து கத்தினான். பாதிதான் காதில் விழுந்தது. ஒரு துணிக்கடை வாசலில் போய் நின்றுகொண்டேன்.

அம்மாவின் பயம் வேறு. "யார்கிட்டயும் சொல்லாத. மூணு மாசத்துல பொண்ணு பாக்க வர்றாங்க. காது கேக்காத பொண்ணுன்னு பேர் வந்துட்டா..." முடிக்காமல் அழுவார். கல்யாணத்தைப் பற்றி யோசிக்க எனக்கு இடமே இல்லை. இன்னொரு காதும் இப்படி ஒரு காலையில் போய்விட்டால்? தினமும் கண் விழித்ததும் அசையாமல் படுத்துக்கொண்டு காக்கா சத்தத்துக்குக் காத்திருப்பேன். வலது காதில் ஒரு காக்கா கத்திவிட்டால் எழுந்திருப்பேன்.

குழுவிடம் சொல்லாமல் முடியாதே. மாடியறைக்குப் போய், கீபோர்டைத் திறக்காமல் உட்கார்ந்தேன். சொன்னேன். டிரம்மர் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"அப்ப நிறுத்திடலாம்" என்றான். "காது முக்கியம்."

"இரு" என்றான் கிடாரிஸ்ட். "அவ என்ன சொல்றான்னு கேளு."

"எனக்கே தெரியல" என்றேன். "வாசிச்சா இருக்கறதும் போயிடுமோன்னு பயம். வாசிக்காம விட்டா, அப்புறம் வாசிக்கவே முடியாம போயிடுமோன்னு பயம்."

கடைசியில், அடுத்த பரிசோதனை வரை பார்க்கலாம் என்று கலைந்தோம்.

இரண்டாவது வாரத்தில் அது நடந்தது. அலுவலகத்தில் போன் அடித்தது. பழக்கத்தில் இடது காதில் வைத்துவிட்டேன். தூரத்தில், தகரத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு பெண் குரல். கேட்கிறது! யார், என்ன என்று கேட்காமல் "கேக்குது, கேக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் குழம்பிப்போய் வைத்துவிட்டாள்.

வைத்தபின் டயல் டோன் வந்தது. ரிசீவரை வலது காதுக்கு மாற்றினேன். வேறு சுரம்.

திரும்ப இடது. திரும்ப வலது. அதே போன், அதே டோன். இடது காதில் அரை சுரம் மேலே கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கீபோர்டைப் போட்டு ஒரே ஒரு கட்டையை அழுத்தினேன். இரண்டு சுரம் கேட்டது. பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு. அடுத்த கட்டையும் அப்படியே. என் கைக்கு மிகவும் பழக்கமான ஒரு கார்டை வைத்தேன். யாரோ தெரியாத குழந்தை உள்ளங்கையால் அடித்த மாதிரி இருந்தது. அம்மா பின்னால் வந்து நின்று, "என்னடி ஆச்சு?" என்றார். அவர் குரலும் இரண்டாக வந்தது.

காது கேட்காமல் போன காலையைவிட அந்தச் சாயங்காலம் எனக்குப் பயமாக இருந்தது. இல்லாத காதோடு எப்படியாவது வாழ்ந்துவிடலாம். பொய் சொல்கிற காதோடு எப்படி வாழ்வது? என் சி.டி. ஒவ்வொன்றையும் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். எதுவும் தப்பவில்லை. இத்தாலிக்காரர்களின் அந்த அருமையான குரல்கள்கூடப் புளித்துப்போய் வந்தன. எனக்குப் பிடித்த குழுக்கள் எல்லாம் வேண்டுமென்றே சேராத சுரங்களை வைக்கிறவர்கள். அதுதான் அவர்களுடைய தைரியம் என்று நான் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். அன்றைக்கு ஒன்று தெரிந்தது. எங்கோ பின்னால் அதைச் சேர்த்துவைப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் நான் அத்தனையையும் ரசித்திருக்கிறேன். என் காதில் இப்போது வந்திருப்பதைச் சேர்த்துவைக்க யாரும் இல்லை.

டாக்டர் வியப்படையவில்லை. "நரம்பு திரும்பும்போது சில சமயம் இப்படி ஆவும். கேக்க ஆரம்பிச்சிருக்கே, அது நல்ல சேதி."

"சரியாயிடுமா?"

"ஆவலாம்."

"எவ்ளோ நாள்ல?"

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். மேடை விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு காதையும் அடைச்சுக்கணும். டிரம்ஸை விட்டுத் தள்ளி நிக்கணும். ஒரே ஒரு நாள்" என்றார். போ என்கிறாரா, போகாதே என்கிறாரா என்று அம்மாவும் நானும் திரும்பி வரும் வழியெல்லாம் விவாதித்தோம்.

நான் போனேன். தைரியத்தால் என்று சொன்னால் அது உண்மை இல்லை. அந்தப் பதினெட்டு நிமிஷம் எங்கள் மூன்று பேர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. எங்கும் பதிவு செய்திருக்கவில்லை. டிரம்மர் விமானம் ஏறிவிட்டால் அது இல்லாமலே போய்விடும். அந்தப் பயம் மற்ற பயத்தைவிட ஒரு பிடி பெரியதாக இருந்தது, அவ்வளவுதான். பயிற்சியின்போது இடது காதைப் பஞ்சும் ரப்பர் அடைப்பானும் வைத்து இறுக்க அடைத்தேன். வலது காதில் லேசான பஞ்சு. விரல்களுக்கு எல்லாம் மனப்பாடம் என்பதால் ஒப்பேற்றினேன்.

கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு தெருமுனை எங்களுக்குக் கிடைத்தது. ஐஸ்கிரீம் தின்றுகொண்டு குடும்பங்கள், சில வெள்ளைக்காரர்கள், சிவப்புத் தொப்பியோடு ஒரு போலீஸ்காரர். அம்மாவும் வந்திருந்தார், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு. டிரம்ஸை எதிர் ஓரத்தில் வைத்தோம். வேர்வையில் என் விரல்கள் கட்டைமேல் வழுக்கின.

முதல் பகுதி மெதுவானது. தப்பித்தேன். ஏழு எண்ணிக்கைப் பகுதி வந்தது. மாடியறையில் நாலு சுவருக்குள் சத்தம் திரண்டு வரும். இங்கே திறந்த தெரு, காற்று, பக்கத்துத் தெருவில் இன்னொரு குழு. டிரம்ஸ் எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே குவியலாக வலது பக்கத்தில் விழுந்தது. கொஞ்ச நேரம் டிரம்மர் காலைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். ஒரு பையன் பலூனோடு குறுக்கே ஓடினான். கால் மறைந்தது. தாளம் எங்கே தொடங்குகிறது என்பது கையை விட்டுப் போனது.

விரல்கள் தானாக ஓடிக்கொண்டிருந்தன, எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. இப்போது நிறுத்தினால் மூவரும் நிற்க வேண்டும். தொடர்ந்தால் இடிந்து விழும். நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் இரண்டு காதிலும் சரியாகக் கேட்டது.

அப்போது வலது பக்கத்தில் யாரோ இடித்தார்கள். கிடாரிஸ்ட். என் இடது பக்கத்திலிருந்து ஒயரை இழுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் சுற்றி வந்திருக்கிறான். வாசித்துக்கொண்டே என் வலது காதுக்கு நேராகக் கத்தினான்.

"ஒண்ணு ரெண்டு மூணு! ஒண்ணு ரெண்டு மூணு நாலு! ஒண்ணு..."

அந்த 'ஒண்ணு'வைப் பிடித்துக்கொண்டேன். பகுதி முடிகிறவரை அவன் நகரவில்லை, எண்ணுவதையும் நிறுத்தவில்லை. கேட்டவர்கள் அதுவும் பாட்டில் சேர்த்திதான் என்று நினைத்தார்களாம். முடித்தபோது ஓரளவு கைதட்டல் வந்தது. போலீஸ்காரர் "முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?" என்று கேட்டார். அம்மா வந்து என் இரண்டு காதுகளிலிருந்தும் பஞ்சை எடுத்து, "கேக்குதா?" என்றார். கேட்டது. இரண்டாக, ஆனால் கேட்டது.

டிரம்மர் ஜூலையில் போனான். பெண் பார்க்க வந்தவர்களிடம் நானே காது விஷயத்தைச் சொன்னேன். காபி குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அம்மா ஒரு வாரம் பேசவில்லை. மழைக்காலத்துக்குள் இரண்டு சுரங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு நாள் கீபோர்டில் கட்டையை அழுத்தியபோது ஒரே சுரம் வந்தது. நம்பாமல் எல்லாக் கட்டைகளையும் வரிசையாக அழுத்தினேன். மேலே போகப் போக இடது காதில் சத்தம் தேய்ந்து மறைந்தது. அந்தப் பகுதி திரும்பவே இல்லை. டிரம்ஸில் சிம்பல் என்ற வெண்கலத் தட்டை அடித்தால் இடப்பக்கம் காகிதம் கிழிகிற மாதிரிதான் இன்றும் கேட்கும். காதுக்குள் அந்த ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கடைசிப் பரிசோதனையில் டாக்டர் வரைபடத்தைக் காட்டி, "திரும்பினது இவ்ளோதான். இனி இதுல பெருசா மாறாது" என்றார். இத்தனை மாதமாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டேன்.

"வலது காதுக்கும் இப்படி வருமா டாக்டர்?"

"பெரும்பாலும் வராது" என்றார்.

அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் ஓட்டியிருக்கிறேன். சளி பிடித்தால் பயம், விமானத்தில் ஏறினால் பயம், காதுக்குள் ஒரு நொடி அடைத்துக்கொண்டாலும் பயம். ஆனால் அன்று டாக்டரிடமிருந்து வெளியே வந்ததும் நேராகப் பிள்ளைச்சாவடிக்குப் பஸ் ஏறினேன். கிடாரிஸ்ட் வீட்டுக்கு வெளியில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அவன் புதிதாக ஒரு மெட்டு வைத்திருந்தான். இரண்டே கார்டு, அவன் பாணி. எனக்குப் பிடிக்கவில்லை, ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று சொன்னேன். இருட்டுகிறவரை அதைப் பற்றிச் சண்டை போட்டோம்.